குப்பனூர் ரோட்டில் ஒரு பாட்டு... கேமராவுக்கு முன்னால் ஒரு காகிதம்!

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இரண்டு வழிகள் உண்டு. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. இன்னொன்று, அயோத்தியாப்பட்டினம் போய், அங்கிருந்து குப்பனூர் வழியாக ஏறுவது. கொஞ்சம் சுற்று. ஆனால் கூட்டம் குறைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் மரநிழல் விழுந்த ரோடு. கையில் கேமராவும் மனதில் ஒரு மெட்டும் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சினிமா இந்த மலைக்குப் புதிதும் இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது ஏற்காடு செல்லும் சாலையில்தான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அந்த ஸ்டூடியோவில் இப்போது மிச்சமிருப்பது நுழைவு வளைவு. சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர். ஸ்கிரிப்டும் திட்டமும் முடியாமல் கேமரா சுழலக் கூடாது என்பது அவர் பாணி. இன்று போனைத் தூக்கிக்கொண்டு மலையேறும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் அந்த இடத்தில்தான்.

விஸ்காம் படிக்கும் நான்கைந்து பேர், கல்லூரி பேண்ட் ஒன்றில் நான்கைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். பேண்டுக்கு ஒரு வீடியோ வேண்டும். மாணவர்களுக்கு மார்க்குக்கு ஒரு ப்ராஜெக்ட் வேண்டும். பணம் யாரிடமும் இல்லை. இந்த ஏற்பாடு தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் வருடா வருடம் நடக்கிறது. பாதி வீடியோக்கள் வெளியே வருவதில்லை. வந்ததில் சில, நண்பர்களைப் பிரித்துவிட்டுத்தான் வருகின்றன.

பாட்டு எங்கே நிற்கிறது?

'லொகேஷன் சூப்பரா இருக்கு' என்பது ஒரு வீடியோவுக்குக் காரணமாகாது. இதற்கு நம்மிடமே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. இரண்டையும் இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத்.

முதலாவது 2015 ஜூலையில் வந்த 'கொடைக்கானல் வோன்ட்'. பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்காக, சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடியது. எல்லோருக்கும் தெரிந்த நிக்கி மினாஜின் ஓர் ஆங்கிலப் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் மலையில், அவர்கள் பார்க்காத ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். உலகம் முழுக்கப் பேச்சானது. பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த வழக்கில், 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் யூனிலீவர் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தார்கள். ஆனால் பாட்டு வந்தபிறகு யாராலும் தெரியாததுபோல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது, 2017 பொங்கலையொட்டி வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா கர்னாடக ராகங்களில் பாடினார். எண்ணூரின் சாம்பல் படிந்த நிலத்திலேயே பாடகர் இருந்தார். அந்த இடத்தை எடுத்துவிட்டால் அந்த வீடியோ இல்லை. குப்பனூர் ரோட்டுக்குப் போகும் குழுவும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இதே பாட்டைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் எடுத்தால் என்ன குறைந்துபோகும்? பதில் இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டிலேயே எடுக்கலாம். பெட்ரோலாவது மிச்சம்.

இன்னொன்று. பேண்ட் பாடப்போவது சொந்தப் பாட்டா, யாரோ பாடிய சினிமாப் பாட்டா? கல்லூரி பேண்ட் என்றாலே இளையராஜா, ரஹ்மான் கவர்தான். மேடையில் கைதட்டல் நிச்சயம். வீடியோ என்று வரும்போது கதை மாறுகிறது. பாடல் வரிக்கும் இசைக்கும் அதைப் படைத்தவரின் வாழ்நாளும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. யூடியூபின் கன்டென்ட் ஐடி தொழில்நுட்பம் பாட்டை அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடலாம், வீடியோவையே முடக்கவும் செய்யலாம். 90 நாள்களுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே காலி. சொந்தப் பாட்டு சுமாராக இருந்தாலும், அது உங்களுடையது.

240 நொடிக் கணக்கு

நான்கு நிமிடப் பாட்டு என்றால் 240 நொடிகள். ஒரு ஷாட் சராசரியாக மூன்று நொடி நின்றால் 80 ஷாட்கள் தேவை. அனுபவமில்லாத குழு, மலைப்பாதையில், ஒரே நாளில் 80 இடத்தில் கேமராவை மாற்றி வைப்பது நடக்காத காரியம். அதனால் புத்திசாலிகள் முதலில் பேண்ட் வாசிப்பதை ஒரே இடத்தில், முழுப் பாட்டையும், மூன்று நான்கு முறை வெவ்வேறு கோணங்களில் எடுத்துவிடுவார்கள். வேறு எதுவுமே கிடைக்காவிட்டாலும் அதை வைத்து வீடியோவை முடித்துவிடலாம். கதைக் காட்சிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குப்பனூர்ப் பாதை சேர்வராயன் மலையின் கிழக்குப் பக்கம். காலை வெயில் நேராக முகத்தில் விழும். சாயங்காலம், சமவெளியில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே மலையின் நிழல் இங்கே இறங்கிவிடும். 'சூரிய அஸ்தமனத்தில் கிடார் சோலோ' என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள் ஏமாறுவார்கள். அந்த ஷாட்டைக் காலையில் எடுக்க வேண்டும், அல்லது மேலே ஏற்காட்டுக்கே போய்விட வேண்டும். ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில் ஒருமுறை போய் நின்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஸ்பாட்டில் நல்ல ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம். ரெக்கார்ட் செய்து முடித்த பாட்டை அதில் ஓடவிட்டு, பாடகர் வாயசைக்க வேண்டும். தொடக்கத்தில் மூன்று பீப் சத்தம் சேர்த்துக்கொண்டால், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்துவது சுலபம். ஸ்லோ மோஷனில் பாடகர் நடந்துவர, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிறதே, எப்படி? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடகரும் அதே வேகத்தில் பாட, நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுக்க வேண்டும். பிறகு 24-ல் ஓட்டினால் உதடு சரியாக இருக்கும், உடம்பு மெதுவாக மிதக்கும். இதற்கு பட்ஜெட்டே வேண்டாம். பாடகருக்கு நாக்கு சுளுக்காமல் இருந்தால் போதும்.

பெரிய செட்டெல்லாம் தேவையே இல்லை என்பதற்கும் சாட்சிகள் உண்டு. 'ஒய் திஸ் கொலவெறி டி' 2011 நவம்பரில் இணையத்தில் கசிந்தவுடன், 16-ம் தேதி அதிகாரபூர்வமாக விட்டது ஸ்டூடியோவில் பாட்டு பதிவாகும் காட்சிகளைத்தான். அமெரிக்காவின் 'ஓகே கோ' குழு எட்டு டிரெட்மில்களின் மேல் ஒரே டேக்கில் ஆடிய வீடியோ 2006-ல் வந்து, கிராமி விருதே வாங்கியது. அதில் செலவானது பெரும்பாலும் ஒத்திகை நேரம்தான்.

மலை யாருடையது?

பெற்றோர்கள் கவலைப்பட வேண்டிய பகுதி இது. ஓடும் பைக்கில் எழுந்து நிற்பது, காரின் டிக்கியைத் திறந்துவைத்து உள்ளே உட்கார்ந்து படமெடுப்பது, வளைவில் ட்ரம் செட்டைப் பரப்புவது... எதுவுமே வேண்டாம். இது பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோடு. மே மாதக் கோடை விழாவின்போது ஏற்காட்டிலிருந்து இறங்கும் வாகனங்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது இங்கே நெரிசல் நிச்சயம். மழைக்காலத்தில் மண் சரியும். இரண்டுக்கும் நடுவில், ஜனவரி பிப்ரவரியில் கல்லூரிக்குப் பரீட்சை இல்லாத ஒரு வார நாள் கிடைத்தால் அதுதான் நல்ல நாள்.

ரோட்டை மறிக்க வேண்டுமென்றால் காவல் நிலையத்தில் சொல்லாமல் முடியாது. காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன. 250 கிராமுக்குள் இருக்கும் சின்ன ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை, ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் என்றால் அது தனி அனுமதி.

அனுமதிக் கடிதத்தில் வராத ஒரு விஷயமும் இருக்கிறது. இந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். காபித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் அம்மாவின் முகத்தை தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்து, பாட்டின் நடுவே 'அழகுக்காக' ஒட்டுவது எளிது. அவருக்கு வீடியோ போய்ச்சேருமா? அவர் சம்மதித்தாரா? கேமராவை இறக்கிவைத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசி, எங்கே வெளியிடப்போகிறோம் என்று போனில் காட்டிக் கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வெளியே வருவது எப்படி?

வீடியோ முடிந்ததும் ராத்திரி 12 மணிக்கு அப்லோடு செய்து, 'ப்ளீஸ் சப்போர்ட்' என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவதற்குப் பெயர் விளம்பரம் இல்லை. ஷூட்டிங் நாளிலேயே அதற்கான பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். படுக்கைவாக்கில் ஒன்று, நெடுவாக்கில் ஒன்று என்று பேண்டின் நல்ல புகைப்படங்கள் வேண்டும். போனில் நிமிர்த்திப் பார்க்கும் வகையில் 15, 30 நொடித் துண்டுகளும் வேண்டும். பிறகு கிடைக்கும் என்று விட்டால் கிடைக்காது. பேண்ட் மறுபடி ஒரே சட்டையில் ஒரே இடத்தில் கூடவே கூடாது!

பிரஸ் கிட் என்பது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு லிங்க்கில் அந்தப் புகைப்படங்கள், பேண்டைப் பற்றி நூறு வார்த்தை, பாடல் வரிகள், யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல், போனை எடுக்கக்கூடிய ஒருவரின் எண். கல்லூரி விழாக்களுக்கு அனுப்பும்போது மேடையில் எத்தனை மைக், யார் எங்கே நிற்பார்கள் என்ற வரைபடம் ஒன்றும் சேர்க்க வேண்டும். விழா நடத்துபவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். 'எங்கள் இசை ஆன்மாவைத் தொடும்' வகை வாக்கியங்களை வெட்டிவிடலாம். எந்த ஊர், எப்போது தொடங்கியது, என்ன பாடுகிறார்கள் என்பது போதும்.

ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்களிடம் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாவது அனுப்பியிருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பாட்டு அங்கே போய்ச்சேரவே நாள் பிடிக்கும் என்பதால், மூன்று நான்கு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஆண்டுக்கு 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாக என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். ஆக, முதல் பாட்டில் பணம் வராது. இதை முதல் நாளே உட்கார்ந்து பேசிவிட்டால் பிறகு முகம் தூக்க வேண்டியதில்லை.

அந்தக் காகிதம்

பணம் வராதபோது எல்லோரும் நண்பர்கள். வரும்போதுதான் பிரச்னை. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாடாத வீடு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. கேள்விகள் எழுந்தன. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோது, எழுதியதும் இசைத்ததும் தானே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை விளக்கினார். 2024-ல், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோ வெளியிட்டார். இவ்வளவு அனுபவசாலிகளுக்கே இந்த நிலை.

மாணவர் வீடியோவில் சட்டம் இன்னும் நுணுக்கமானது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். யாருமே பணம் தரவில்லையே? அப்போது, முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவர் யார் என்ற கேள்வி வரும். பேண்ட் 'எங்கள் பாட்டு' என்னும். மாணவர்கள் 'எங்கள் வீடியோ' என்பார்கள். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வக்கீல் நடையெல்லாம் வேண்டாம். பாட்டு யாருடையது, வீடியோ யாருடையது, யாருடைய சேனலில் வரும், மாணவர்கள் அதைத் தங்கள் வேலைக்கான சாம்பிளாகக் காட்டலாமா, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, பேண்டிலிருந்து ஒருவர் விலகினால் என்ன? ஒரு பக்கம்கூட வராது. 18 வயது நிரம்பாதவர்கள் இருந்தால் அப்பா அம்மாவின் கையெழுத்தும் வேண்டும்.

இதைக் குப்பனூருக்குக் கிளம்புவதற்கு முன்பே, காலேஜ் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் எழுதிவிடலாம். கூடவே, வீடியோவுக்குக் கீழே வரும் பெயர்ப் பட்டியலையும். பாடியவர், எழுதியவர், கேமரா, எடிட்டிங், ஸ்பீக்கரைச் சுமந்தவர், விடியற்காலையில் எழுந்து பத்துப் பேருக்கும் புளியோதரை கட்டிக்கொடுத்த அந்த அம்மாவின் பெயர் வரைக்கும்.