அணைந்துபோகும் சுடர்

தென்னாட்டிலிருந்து புணே நகருக்கு வந்து குடியேறும் நம்மவர்க்கு மார்கழி, தை மாதங்களில் வெந்நீர் இன்றியமையாததாகிவிடுகிறது. அதன்பொருட்டுப் பலரும் கியாஸ் கீஸரை நாடுகிறோம். அதன் சுடர் அடிக்கடி அணையுமாயின், மீண்டும் மீண்டும் பற்றவைப்பதற்கு முன் காரணத்தை ஆராய்தல் நலம்.

இக்கருவியின் அமைப்பு எளியது. குழாயைத் திறந்ததும் பாயும் நீர் உள்ளேயுள்ள மெல்லிய சவ்வைத் தள்ளுகிறது. அதனால் வாயுவின் வழி திறக்கிறது; உலர் மின்கலங்கள் பொறியை எழுப்புகின்றன. சுடர் எரிகின்றதா என்பதை ஓர் உணர்முனை ஓயாது கவனிக்கிறது. சுடர் இல்லையெனில் வாயு தானே நின்றுவிடும்.

ஆகவே, முதலில் மின்கலங்களை மாற்றிப் பார்க்கலாம். மேல்மாடியில் வசிப்போர்க்கு நீர்த்தொட்டி அண்மையில் இருப்பதால் அழுத்தம் குறைவு. நீரின் வேகம் தளர்ந்தால் வாயுவின் வழியும் மூடிக்கொள்ளும். நீர் நுழையும் வாயிலிலுள்ள சல்லடையில் மணலோ உப்போ படிந்தாலும் இதுவே விளைவு. உணர்முனையில் கரி படிந்தால், எரியும் சுடரையும் அது அறியாது. சிலிண்டரை விட்டுக் குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கு மாறியோர், கருவியும் அதற்கேற்ப மாற்றப்பட்டதா என்று விசாரித்தல் வேண்டும். பல கருவிகள் 20 நிமிடங்களில் தாமே அணையுமாறு அமைந்தவை, அது பழுதன்று.

இவை எதுவுமன்றி, குளியலறைக் கதவை அடைத்தபோது மட்டும் சுடர் அணையுமாயின் அதனை எச்சரிக்கையாகவே கொள்ளல் வேண்டும். பிராணவாயு குறைந்த அறையில் எரியும் வாயு, கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. கசிவை உணர்த்துவதற்காக வாயுவில் சேர்க்கப்படும் நாற்றமும் இங்கே உதவாது. அது சுடரில் எரிந்துபோகிறது. இந்நச்சு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 112 என்ற எண்ணில் உதவி கோருதல் வேண்டும். சுடர் அணையாத காரணத்தால் மட்டும் அறையில் அபாயமில்லை என்று கருதலாகாது.

ஆதலால், கருவியைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துவதே முறை. வாடகை வீட்டில் அதற்கு இடமில்லையெனில், கதவையும் சன்னலையும் திறந்துவைத்து வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கருவியை அணைத்து, காற்று நன்கு மாறிய பின்னரே குளித்தல் வேண்டும். குளிருக்கு அஞ்சிச் சன்னலை அட்டையால் அடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டும். நீலச் சுடர் நல்லது; மஞ்சளாக எரிந்தால் அறிந்த பணியாளரைக் கொண்டு கருவியைத் துப்புரவு செய்வித்தல் அவசியம். சமையல் வாயுவின் நாற்றம் வீசினால் மின்விசையைத் தொடாமல், சன்னல்களைத் திறந்து, வெளியேறிய பின்னர் 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.