எல்லாப் பருவத்திற்கும் ஒரே டயரா?

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்தால் சித்தாண்டியை அடையலாம். முருகன் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர் அறிந்த பருவங்கள் இரண்டே. ஒன்று, வயல் வெடிக்கும் கோடை; மற்றொன்று, ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்க்கும் மாரி. 2011 ஆம் ஆண்டுத் தை மாதத்து வெள்ளத்தை இப்பகுதி மக்கள் இன்னும் மறந்திலர்.

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவரின் மோட்டார் காரில் அக்கோயிலுக்குப் புறப்பட்டோம். பின்னிருக்கையில் அவருடைய துணைவியாரும் இரு குழந்தைகளும் இருந்தனர். தூறல் மழையில் மாடொன்று குறுக்கே வர, நண்பர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே சென்றது. மாடு விலகியதால் பிழைத்தோம்.

கோயில் வாசலில் இறங்கி டயர்களைப் பார்த்தோம். பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. “எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற டயர் என்று கூறித்தானே இந்தப் பழைய காரை விற்றார்கள்!” என்று நண்பர் வியந்தார். டயரின் பக்கத்தில் ஒரு மலையும் அதனுள் பனித்துகள் ஒன்றும் பொறிக்கப்பட்டிருந்தன. குற்றம் எங்கே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

இயற்கை இரப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து இக்குறையைப் பெரிதும் நீக்கினார். எனினும் ஒவ்வொரு கலவைக்கும் அதற்கேற்ற வெப்பநிலை உண்டு. பனி நாடுகளில் 7 பாகை செல்சியசுக்குக் கீழேயும் இறுகாதபடி மென்மையான கலவையில் குளிர்கால டயர் செய்கின்றனர். வெப்ப காலத்திற்குக் கோடை டயர் செய்கின்றனர். ஆண்டுக்கு இருமுறை மாற்ற விரும்பாதோருக்காக இரண்டிற்கும் நடுவே பிறந்ததே “ஓல் சீசன்” டயர். மலையும் பனித்துகளும் பொறித்தது பனிக்கும் ஏற்றதென்று சோதிக்கப்பட்டது.

ஆயின் நமது மார்கழி இரவும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பனியே காணாத தெருவில் பனிக்கென்று செய்த விட்டுக்கொடுப்பினால் யாது பயன்? பனிக்கேற்ற மென்மையான கலவை சுடுதெருவில் விரைந்து தேயும். நனைந்த தெருவிலும் நிற்பதற்குக் கூடிய தூரம் எடுக்கும். ஆகவே வேடிக்கையாகத் தோன்றினும், கோடை டயர் எனப்படுவதே நம் மாரிக்கும் உரிய டயராகும்.

இரு டயர்களுக்கிடையே தெரிவு செய்ய நேரும்போது விலையை மட்டும் பாராதீர்கள். அமெரிக்க முறைப்படி தரமிட்ட டயர்களின் பக்கத்தில், ஈரத்தெருவில் பிடிக்கும் ஆற்றல் “ஏஏ, ஏ, பி, சி” என்ற வரிசையிலும், வெப்பந்தாங்கும் ஆற்றல் “ஏ, பி, சி” என்ற வரிசையிலும் குறிக்கப்பட்டிருக்கும். நமக்கு இவ்விரண்டும் முக்கியம்.

அடுத்து வயதைப் பாருங்கள். பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் 2324 எனின், அது 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நண்பரின் டயரோ 2014 இல் பிறந்தது! பள்ளம் தேயாவிடினும் இரப்பர் காலத்தால் முதிர்ந்து இறுகிவிடும். முதிர்ந்த இரப்பர் ஈரத்தைப் பற்றாது.

பள்ளங்களும் வேண்டும், சக்கரத்தின் கீழுள்ள நீரை வெளியேற்றுபவை அவையே. பள்ளத்தின் அடியிலுள்ள சிறு மேடுகள் தேய்வின் எல்லையைக் காட்டும். அவ்வெல்லை 1.6 மில்லிமீற்றர். மாரியை எதிர்நோக்குவோர் அதுவரை காத்திருத்தல் தகாது.

நான்கும் ஒருங்கே வாங்கப் பணமில்லையா? இரண்டு வாங்குவோர் புதியவற்றைப் பின்சக்கரங்களில் பூட்டுக. முன்புறம் வழுக்கினால் வேகத்தைத் தணித்து ஓரளவு சமாளிக்கலாம். பின்புறம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். டயரின் அளவையும் காற்றின் அளவையும் சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள சிட்டையே கூறும்.

நண்பர் மறுவாரமே இரு டயர்கள் வாங்கினார். மற்றிரண்டை அறுவடைக்குப் பின் வாங்கினார். புதிய டயர் பூட்டியும் மழையில் மெதுவாகவே செலுத்துகிறார். எந்த டயரும் நிதானத்திற்கு ஈடாகாது. பின்னிருக்கையில் அமர்ந்திருப்போரை எண்ணுவோருக்கு இதனை வேறொருவர் சொல்லவும் வேண்டுமோ?