மனநோய் மருந்துகளும் கட்டுக்கடங்காத அசைவுகளும்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோரில் மனநோயாளிகளை அழைத்துவரும் குடும்பத்தினரும் உண்டு. அருவி நீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அவ்வாறு வருவோரிடம் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றே: மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். கழுத்து கோணுவதையும் வாய் அசைவதையும் கண்டு, நோய் முற்றிவிட்டது என்றோ, காற்றுச் சேட்டை என்றோ அஞ்ச வேண்டியதில்லை. அவை மருந்தின் பக்கவிளைவுகளாக இருக்கலாம்.

மூளையிலுள்ள டோபமைன் என்னும் வேதிப்பொருள் எண்ணங்களிலும் உடலசைவுகளிலும் பங்கு கொள்கிறது. குளோர்புரோமசின், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் முதலிய மருந்துகள் அதன் செயலைத் தடுப்பதால் காதில் கேட்கும் குரல்களும் வீண் சந்தேகங்களும் தணிகின்றன. அதே தடை அசைவுகளை ஆளும் பகுதியிலும் நேரும்போது தொல்லை தோன்றுகிறது. மூலிகையும் இதற்கு விலக்கன்று. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பைன், டோபமைனைக் குறைத்து நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கக் கூடியது.

மருந்து தொடங்கிய சில நாள்களுக்குள், குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து திருகிக்கொள்ளலாம். விழிகள் மேல்நோக்கிச் செருகலாம். இது டிஸ்டோனியா. தக்க ஊசி போட்டால் விரைவில் தணியும். சில வாரங்களில் ஓரிடத்தில் அமர இயலாத தவிப்பு ஏற்படலாம். இது அகதீசியா, இதனைப் பிடிவாதம் எனக் கடிந்துகொள்ளாதீர்கள். முதியோருக்கு நடை தளர்ந்து, கை நடுங்கி, முகம் உணர்ச்சியற்றுத் தோன்றலாம். அரிதாகச் சிலருக்கு உடல் ஒரு பக்கமாகச் சாயும். சிலருக்கு முயல் மெல்லுவதுபோல் உதடுகள் விரைந்து துடிக்கும்.

மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து நாக்கு துழாவுதலும் வாய் மெல்லுதலும் தோன்றினால் அது டார்டிவ் டிஸ்கைனீசியாவாக இருக்கலாம். மருந்தை நிறுத்திய பின்னும் இது நீடிக்கக்கூடும். ஆகவே தொடக்கத்திலேயே தெரிவிப்பது நன்று. திடீரென நிறுத்தினால் அசைவுகள் மிகுவதும் மனநோய் திரும்புவதும் உண்டு. மருத்துவர் அளவைக் குறைப்பார். அல்லது குவெட்டியாபின், குளோசபின் போன்றவற்றிற்கு மாற்றுவார். தேவையெனில் டெட்ராபெனசின் தருவார். நடுக்கத்திற்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை இவ்வசைவுகளை மிகுவிக்கக்கூடும் என்பதால் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

அசைவைக் கைப்பேசியில் படமெடுத்து, தொடங்கிய நாளையும் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடும் இத்தகைய அசைவுகளை உண்டாக்கும். உடல் விறைத்தவரையும் மயக்க நிலையிலுள்ளவரையும் அருவியில் நிறுத்துவது ஆபத்து.

கடுங்காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அந்நிலையில் மட்டும் அடுத்த வேளை மருந்தைத் தராமல், உடனே 108 ஊர்தியை அழையுங்கள்.