வேற்று நிலத்து ஆடுகளம்

இலக்கணம் கற்பிப்போனுக்குக் கோல்ப் ஆட்டத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவுதல் கூடும். நான் கோல் பிடித்தறியேன். ஆயினும், தொல்காப்பியர் கண்டு மகிழத்தக்க விளையாட்டு ஒன்று உண்டெனின் அஃது இதுவே என்பது என் துணிபு. வரிப்பந்தாட்டக் களத்தை யாழ்ப்பாணத்தில் வரைந்தாலும் இலண்டனில் வரைந்தாலும் நீளம் 78 அடியே. கோல்ப்புக்கோ அத்தகைய வரையறை இல்லை. நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளே அதன் களம். ஆதலின் ஊர்விட்டு ஊர் சென்று ஆடுவோன், எத்துணை வல்லவனாயினும், ஒவ்வோரிடத்தும் புதிதாகப் பாடங் கேட்க வேண்டியவனாகிறான்.

நம் நாட்டிலும் இதனைக் காணலாம். நுவரெலியாவில் 1889 ஆம் ஆண்டிலே தோன்றிய ஆடுகளம் ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கொழும்பிலே பழகியவன் அடிக்கும் பந்து அவன் குறித்த இடத்தைக் கடந்து சென்று வீழும்.

எனினும், அயலானைச் சோதிப்பதில் ஸ்கொத்லாந்துக் கடற்கரையிலுள்ள சென் அன்றூஸ் பழைய களத்துக்கு நிகர் பிறிதில்லை. 1764 இல் அங்கே 22 குழிகளைப் பதினெட்டாகக் குறைத்தனர். உலகெங்கும் இன்று வழங்கும் எண்ணுக்கு அதுவே மூலம். அங்குள்ள புற்றளங்களுள் ஏழு இரட்டைத் தளங்கள். போகும்போது ஆடும் குழியும் மீளும்போது ஆடும் குழியும் ஒரே தளத்தில் அமைய, அவற்றின் எண்களைக் கூட்டினால் 18 வரும்: இரண்டுடன் பதினாறு, மூன்றுடன் பதினைந்து என்றவாறு. மணற்குழிகளோ நூற்றுக்கு மேற்பட்டன. ஒன்றன் பெயர் நரகம்! முற்காலத்தில் இக்களத்தை எதிர்த்திசையிலும் ஆடினர். அன்று கண்ணெதிரே தோன்றிய குழிகள் பல, இன்று ஆடுவோனுக்கு மேட்டின் பின்னே மறைந்து கிடக்கின்றன.

1946 இல் அமெரிக்கரான சாம் ஸ்னீட் புகைவண்டியிலிருந்து இக்களத்தை நோக்கி, கைவிடப்பட்ட பழங்களம் போலும் என்றாராம். ஊரார் மனம் நொந்தனர். அவரோ அவ்வாண்டுப் போட்டியில் வென்றார். பரிசு 150 பவுண். வழிச்செலவுக்கும் அது போதவில்லை. அடுத்த ஆண்டு வென்ற பட்டத்தைக் காக்கவும் அவர் வந்திலர். வென்றவரே ஆயினும் அந்நிலத்தை அறிந்தவர் அவர் என்று சொல்ல என் மனம் ஒருப்படவில்லை.

புதிய களத்திலே பந்து செல்லும் வழியை உரைப்பவன் கோற்பை சுமக்கும் ஏவலன். அவனை ஆங்கிலேயர் 'கடி' என்பர். நம் உரிச்சொல்லாகிய 'கடி'க்குக் காப்பு என்றும் புதுமை என்றும் பொருளுண்டு. புதியவனைக் காப்போனுக்கு இப்பெயர் பொருந்தியதை எண்ணி நான் நகைத்ததுண்டு. தொடர்பு தற்செயலானதே, மாணவர்கள் இதனைச் சொற்பிறப்பென்று கொள்ளற்க.

இனிப் பொபி ஜோன்ஸ் கதை. 1921 இல், பத்தொன்பது வயதினராய், அவர் முதன்முறை அங்கே ஆட வந்தார். மூன்றாஞ் சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் செலவாயின. பதினோராங் குழியில் பந்து மணலில் வீழ்ந்தது. பன்முறை அடித்தும் வெளிவரவில்லை. சினமேலிட்டுப் பந்தைக் கையிலெடுத்துப் போட்டியினின்றும் விலகினார். அக்களத்தையும் வெறுத்தார். அந்த வெறுப்போடு நின்றிருப்பின் அவரைப் பற்றி நான் எழுதப் புகேன். 1927 இல் மீண்டு வந்து 285 அடிகளில் வென்றார். வென்ற வெள்ளிக் குடுவையைத் தம்மூருக்குக் கொண்டு செல்லாது அவ்வூரவர் காவலிலேயே விட்டுச் சென்றார். 1930 இலும் அங்கே ஒரு பட்டம் பெற்றார்.

1958 இல் அந்நகரம் அவரைத் தன் நகர்மகனாக ஏற்றது. அமெரிக்கருள் அச்சிறப்பை அவருக்கு முன் பெற்றவர் பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவரே, 1759 இல். அப்பொழுது ஜோன்ஸ் முள்ளந்தண்டு நோயினால் நடை தளர்ந்திருந்தார். விழா முடிந்து அவர் மண்டபத்தை விட்டு அகன்றபோது, பிரிவோரை மீள அழைக்கும் பழைய ஸ்கொத்லாந்துப் பாட்டொன்றை மக்கள் எல்லோரும் சேர்ந்து பாடினர்.