எலேன் தெ ஷாப்போத்தேன் (1839–1904)

1865-இல் பிரான்சின் நாந்த் ஊர்க்காரப் பெண் ஒருவர் தமிழகம் புறப்பட்டார். வயது 25. அன்று சூயஸ் கால்வாய் திறக்கவில்லை; எதிரே தெரியும் பாம்பனில் பாலமும் இல்லை. பயிற்சித் துறவியாகவே வந்தவர், முதல் வார்த்தைப்பாடு கொடுத்தது இங்கே வந்த பிறகு, 1866-இல். துறவறப் பெயர் பாடுகளின் மரியாள்.

இராமநாதபுரச் சீமையும் அடங்கியிருந்த மதுரை மறைத்தளத்தில், 28 வயதிலேயே மரி ரெப்பரட்ரிஸ் சபையின் மூன்று மடங்களுக்குத் தலைவியானார். பிறகு சபைக்குள் மனக்கசப்பு. நியாயம் யார் பக்கம் என்று இந்தப் பலகை தீர்ப்புச் சொல்லாது. 1876-இல் அவர் உட்பட, சபையிலிருந்து பிரிந்த 20 சகோதரிகள் ஊட்டியில் கூடினர். மலை ரயில் ஊட்டியைத் தொட்டதே 1908-இல்தான். அதற்கு முன்பே அந்த ஏற்றம்!

அவர் ரோமுக்குப் போய் 1877 ஜனவரி 6 அன்று புதுச் சபைக்குத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் அனுமதி பெற்றார். நம் ஊர்களில் எஃப்.எம்.எம். சிஸ்டர்கள் என்கிறோமே, அந்தச் சபைதான். நிறுவியவரையே 1883-இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். மறு ஆண்டே மீண்டும் தலைவியானார். இத்தாலியின் சான்ரெமோவில் 1904 நவம்பர் 15 அன்று அவர் இறந்தபோது சபைக்கு 86 இல்லங்கள், 2,000-க்கும் மேற்பட்ட சகோதரிகள்.

அருளாளர் பட்டம்: 2002 அக்டோபர் 20.