கதைப் புத்தக வீட்டின் உண்மைக் கதை

இங்கிலாந்தில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு நகருக்கு அருகே ஷாட்டரி என்னும் சிற்றூரில் ஒரு வீடு இருக்கிறது. தாழக் கவிந்த வைக்கோல் கூரை, வளைந்த மரச்சட்டங்கள், சிறுசிறு கண்ணாடித் துண்டுகளால் ஆன சன்னல்கள், சுற்றிலும் பூந்தோட்டம். சிறுவர் கதைப் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்ததைப் போன்ற தோற்றம். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே திருமணத்துக்கு முன் வாழ்ந்த இல்லம் இது. 'ஆன் ஹாத்தவேயின் குடில்' என்றே உலகம் இதனை அறியும். இதன் அழகைப் போற்றுவோர் பலர்; அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று கேட்போர் சிலரே. பழைய கட்டடங்களை எப்படிக் காக்க வேண்டும் என்பதற்கான விடை அந்தக் கேள்வியில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன்.

முதலாவதாக, அது குடிலே அன்று. வசதியான உழவர் குடும்பத்தின் பண்ணை வீடு. அதன் மிகப் பழைய பகுதி 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பின்வந்த தலைமுறையினர் தேவைக்கேற்ப அறைகளைச் சேர்த்துக்கொண்டனர். இன்று மலர்கள் பூத்துக் குலுங்கும் இடம், அன்று கால்நடைகள் நடமாடிய பண்ணை முற்றம்.

நம்மைக் கவரும் ஒவ்வொரு கூறும் ஏதோ ஒரு தேவையிலிருந்து பிறந்ததுதான். உலர்ந்த ஓக் மரத்தில் உளி எளிதில் இறங்காது. ஆகவே, மரம் ஈரமாக இருக்கும்போதே அறுத்துச் செதுக்கிச் சட்டமாக நிறுத்தினார்கள். நின்ற பிறகு அது உலர்ந்து முறுக்கிக்கொண்டது; நாம் இன்று ரசிக்கும் கோணல் அதுவே. சட்டங்களின் இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசினார்கள். பெரிய கண்ணாடித் தகடுகள் கிடைப்பது அரிதாக இருந்ததால், சிறு துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்தார்கள். மழைநீர் தங்கினால் வைக்கோல் அழுகிவிடும் என்பதால் கூரை செங்குத்தாகச் சரிந்தது. மண் சுவர் நனையக் கூடாது என்பதால் இறவாரம் வெளியே நீண்டது.

'டியூடர் பாணி' என்றவுடன் மனத்தில் தோன்றும் கறுப்பு வெள்ளைத் தோற்றத்தின் கதையோ வேறு. டியூடர் மரபினர் ஆண்டது 1485 முதல் 1603 வரை. அக்காலத்தில் பல வட்டாரங்களில் மரத்துக்கு வண்ணம் பூசவில்லை. அது வெயிலிலும் மழையிலும் வெளிறிச் சாம்பல் நிறம் பெற்றது. அல்லது சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். மரத்துக்குக் கறுப்புத் தீட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்கள் 19-ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்தவர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில், இங்கிலாந்தின் புறநகர்களில் செங்கல் வீடுகளின் முகப்பில் கறுப்புப் பலகைகளைப் பதித்து 'டியூடர்' வீடுகளை எழுப்பினார்கள். அந்தப் பலகைகள் எந்தச் சுமையையும் தாங்கவில்லை.

இதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். தோற்றம் ஒன்றே அழகு என்று கொண்டால், பழுதுபார்ப்பதும் தோற்றத்துக்காகவே நடக்கும். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மை கொண்டவை. 20-ஆம் நூற்றாண்டில் பல பழைய வீடுகளில் அவற்றுக்குப் பதிலாகச் சிமெண்ட் பூசி, நீர்புகா வண்ணம் அடித்தார்கள். வெடிப்புகளின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியது. நூற்றாண்டுகளைத் தாங்கிய ஓக் சட்டங்கள், பூச்சுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் உளுத்துப்போயின. வெளியே வீடு அழகாகவே தெரிந்தது.

இத்தகைய ஆபத்தை முன்பே உணர்ந்தவர் வில்லியம் மாரிஸ். 1877-இல் அவர் நண்பர்களுடன் தொடங்கிய பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம், கற்பனையான பழைய தோற்றத்தை மீட்டெடுக்கும் புதுப்பித்தலை எதிர்த்தது. அன்றாடப் பராமரிப்பே கடமை என்றது.

ஹாத்தவே வீட்டை 1892-இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வாங்கியது. 1969-இல் தீ விபத்தில் பெரும் சேதமுற்றும் அது மீண்டும் சீரமைக்கப்பட்டது. வைக்கோல் கூரையைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். ஆகவே, இன்று நாம் காணும் கூரை ஆன் ஹாத்தவே பார்த்த கூரை அன்று. அதை வேயும் தொழில்தான் அவர் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிறது. பழைய வீடுகளுக்கென நாம் ஒதுக்கும் பணமும் அக்கறையும் முகப்பின் வண்ணத்துக்கு முன்பாக, கூரை வேய்வோரையும் தச்சரையும் சுண்ணாம்புப் பூச்சு அறிந்தோரையும் சென்றடைய வேண்டும்.