லேசர் அறைக்குள் எட்டிப் பார்ப்போமா?

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. இப்போது அணைந்திருக்கிறது, வாங்க, சட்டென்று நுழைந்துவிடலாம்! சென்னையில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் டாட்டூ அகற்றும் அறை இது.

முதலில் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் 532, 1064 என்று பொடி எழுத்தில் இருக்கிறதா? இந்த மெஷின் உமிழும் ஒளியின் அலைநீளங்கள் அவை, நானோமீட்டர் கணக்கில். 1064 கண்ணுக்கே தெரியாது; ஆனால் விழித்திரையைப் பொசுக்கிவிடும்!

நாற்காலியில் ஓர் இளைஞர், முன்கையில் கறுப்பு மையில் ஓர் எழுத்து. மரத்துப்போகும் க்ரீமைத் தடவி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு டாக்டர் ஹேண்ட்பீஸைப் பிடிக்கிறார். பெடலை மிதித்ததும்… டப், டப், டப்! லேசர் பட்ட இடமெல்லாம் அரிசிமாக் கோலம் போட்டதுபோல வெளுக்கிறது. இதற்குப் பெயர் ‘ஃப்ராஸ்டிங்’. மைத்துகள் சூடேறிச் சிதறும்போது தோலுக்குள் கிளம்பும் வாயுக் குமிழிகள்தான் அந்த வெள்ளை. கொஞ்ச நேரத்தில் தானே மறைந்துவிடும்.

மை சிதறுகிறது, தோல் எப்படித் தப்பிக்கிறது? ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான்! சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவுமுன் வேலை முடிந்துவிடும். இந்த வித்தை எப்படி வந்தது? 1960-ல் இயற்பியலாளர் மெய்மன் முதல் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மேன் அதை டாட்டூ மீது சோதித்தார். வேண்டியதை மட்டும் சுட்டு மற்றதை விட்டுவிடும் கணக்கை ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983-ல் விளக்கினார்கள்.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம்! லேசர் மையை உடைக்கத்தான் செய்கிறது. அள்ளிப்போவது நம் உடம்பு. தோலிலுள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன. ஒரு செல் இறந்து மையை விட்டால், இன்னொன்று வந்து விழுங்கிக்கொள்கிறது. 2018-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டார்கள். டாட்டூ அழியாமல் நிற்கும் ரகசியமே இதுதான்! லேசர் பொடியாக்கியதில் ஒரு பகுதியை நிணநீர் கொண்டுபோய்விடும். அதற்கு அவகாசம் தரத்தான் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் ஆறிலிருந்து எட்டு வார இடைவெளி.

நிறத்துக்கு ஏற்ப ஒளியும் மாறும். கறுப்புக்கு 1064, சிவப்புக்கு 532. பச்சை நிறம் பிடிவாதக்காரன். அதற்கு 694 அல்லது 755 வேண்டும். வெள்ளை மையும் உதட்டு டாட்டூவும் லேசர் பட்டால் கறுத்துப்போகலாம்! அதனால்தான் முதலில் ஓரமாக ஒரு டெஸ்ட் ஸ்பாட்.

இதே மெஷின் அடுத்து என்ன செய்யப்போகிறது தெரியுமா? முகத்தில் கரி லோஷன் பூசிச் சுட்டால், கரி படபடவென்று தெறித்துப் பறக்கும்: கார்பன் பீல்! கன்னத்தில் பிறவியிலிருந்தே படர்ந்த நீலத் திட்டையும் பல சிட்டிங்குகளில் மங்கவைக்கும்.

நம் மாநிறத் தோலில் மெலனின் அதிகம்; 1064-ஐ அது குறைவாகவே உறிஞ்சும், அதனால் தோல் வெந்துபோகும் ஆபத்தும் குறைவு. ஆகவே நாற்காலியில் உட்காருமுன் தோல் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த அலைநீளம்? டெஸ்ட் ஸ்பாட் உண்டா? எத்தனை சிட்டிங்? உங்கள் தோல், உங்கள் உரிமை!